எஃப் பன்னிரண்டு

வியாழன் காலை ஆறு இருபது பஸ்.
டிபன் பாக்ஸ், குடை, குமட்டலுக்கு ஒரு எலுமிச்சம்பழம்,
பக்கவாட்டு ஜிப்புக்குள்
தீப்பெட்டி அளவில் என் முழுக் கணினி.
இருபது கொண்டை ஊசி வளைவுக்கும்
அதற்கு ஒன்றும் ஆவதில்லை. எனக்குத்தான்.

நாகலூர்ப் பக்கம் மூன்று எஸ்டேட்டுக்குக் கணக்கு எழுதுகிறேன்.
மூன்று ஆபீஸ், மூன்று கிழட்டு மெஷின்.
ஒன்றுக்கு வைரஸ்.
ஒன்றின் பாஸ்வேர்டு
மஸ்கட் போன மருமகனோடு போய்விட்டது.
கடைசி எஸ்டேட்டில் இருப்பது
தனக்கு இன்னும் இரண்டாயிரத்து ஒன்பது
ஜனவரி ஒன்றுதான் என்று நம்புகிறது.
உள்ளே காசளவு பேட்டரி செத்து வருஷக்கணக்காகிறது.
யாரும் மாற்றவில்லை. நானும்தான்.
வந்ததும் முதல் வேலை
அதற்குத் தேதி சொல்வது.

வயரைச் செருகுவேன். பொத்தானை அழுத்துவேன்.
திரை கண் திறக்கும் அந்த இரண்டு நொடிக்குள்
எஃப் பன்னிரண்டைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.
பிந்தினால் வீட்டுக்காரன் விழித்துக்கொள்வான்.
பிந்தாவிட்டால் ஒரு பட்டியல்:
எதிலிருந்து எழட்டும்?
என்னிலிருந்து, என்பேன்.

பிறகு அது என் மெஷின்.
என் எழுத்துரு, என் நீல முகப்பு,
கூலிப் பட்டியல், மிளகு எடை,
அம்மாப்பேட்டை வீட்டு வாடகைக் கணக்கு,
போன வாரம் பாதியில் விட்ட கடிதம்கூட
அதே வரியில் கர்சர் துடிக்க.
கீபோர்டும் விசிறிச் சத்தமும் மட்டும் அவர்களுடையது.

மேனேஜர் அருளப்பன் எட்டிப் பார்ப்பார்.
"எங்க மெஷின்ல எதையும் அழிச்சிடலையே அம்மணி?"
தொடவே இல்லை சார்.
உண்மைதான். மூன்று வருஷமாகத்
திரையோரம் ஒரு சின்னப் பெட்டி தெரிகிறது,
அவர்களுடைய டிஸ்க்.
இரண்டு முறை சொடுக்கினால் திறந்துவிடும்.
விருந்துக்குப் போன வீட்டில்
பீரோச் சாவி பீரோவிலேயே தொங்குமே, அப்படி.

ஐப்பசியில் ஒரு வியாழன்
பதினாலாம் வளைவில் பாறை விழுந்தது.
பஸ் இல்லை. குப்பனூர் வழியும் இல்லை.
மேனேஜர் வீட்டிலிருந்து சோறும் கம்பளியும் வந்தன.
இரவு பதினொன்று. தகரத்தில் மழை.
கணக்கு முடிந்தது, தூக்கம் வரவில்லை.
சொடுக்கினேன்.

படிக்க மட்டும், எழுத அல்ல என்று
கட்டளை கொடுத்த பிறகுதான்.
அந்த அளவு யோக்கியம் எனக்கு உண்டு.

ஒரே ஒரு ஃபோல்டர்: முனிரத்தினம்.
எனக்கு முன்பிருந்த கிளார்க். பார்த்ததில்லை.
கடன் சீட்டோ கள்ளக் கணக்கோ என்று நினைத்தேன்.
மழை.
தினசரி மழை, மில்லிமீட்டரில், பதினோரு வருஷம்.
சில நாளுக்குப் பக்கத்தில் ஒரு சொல்:
காபி பூத்தது. கரண்ட் இல்லை. மதியத்துக்கு மேல் மட்டும்.
பிறகு சைபர், சைபர், சைபர், நாற்பது சைபர்.
அதன் கீழே: ஆறு. அப்பாடா.
கடைசி வரியில் தேதி மட்டும் அடித்திருக்கிறது.
எண் இல்லை.

அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
என்ன ஆகியிருக்கும் என்று
என்னென்னவோ தோன்றியது.
டிபன் பாக்ஸைக் கழுவிக்
காபி காயப்போடும் களத்தில், நடுவில்,
மூடாமல் வைத்துவிட்டு வந்து படுத்தேன்.

காலையில் கேட்டேன்.
"முனிரத்தினமா? தாரமங்கலத்துல பேக்கரி வெச்சிருக்கார்.
நல்லா ஓடுது."
அந்தப் பெயர் எனக்கு எப்படித் தெரியும் என்று
அவர் கேட்கவில்லை.

ஸ்கேல் எடுத்துப் போனேன்.
பாக்ஸின் உயரம் ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர்.
அதற்கு மேல் பெய்ததெல்லாம் வழிந்து
களத்தில் ஓடிக்கொண்டிருந்தது.
என் டிரைவில்,
வாடகைக் கணக்குக்குக் கீழே
தேதி போட்டு எழுதினேன்:
ஐம்பத்திரண்டுக்கு மேல். எவ்வளவு என்று தெரியாது.

இனிப் பத்திரமாக எடுக்கலாம் என்றது திரை.
எடுத்தேன். பிளக்கையும் பிடுங்கினேன்.
மெஷினுக்கு மறுபடி ஜனவரி ஒன்று,
ஒரு சொட்டு மழை இல்லை.